கூண்டு இறங்கிய காலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. உனக்கு அந்தத் தும்மல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மூக்கடைத்த குரலாகத்தான் இருந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்பாய், அதனால் கேட்கவில்லை.

வாரா வாரம் பேசுகிறோமே, இதில் கடிதம் எதற்கு என்று உறையைப் பார்த்ததும் நினைத்திருப்பாய். போனில் நீ "சாப்பிட்டியாம்மா" என்பாய், நான் "ஆச்சு" என்பேன். நான் "எப்ப வர்ற" என்றால் நீ "லீவு கெடைக்கலம்மா" என்பாய். கடல் என்று என் வாயில் வந்தாலே உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பிடிக்காத இடம் வந்தால் மடித்து வைத்துவிடு. என்றைக்காவது பிரித்து மீதியைப் படி. ஆனால் மீதியைப் படி.

முதலில் செய்தி. நம் வானிலை நிலையம் இடம் மாறுகிறது. போன மழைக்காலத்தில் அலை மதிலைத் தாண்டி வந்து மழைமானியின் காலை நனைத்துவிட்டுப் போயிற்று. உப்புத்தண்ணீர் விழுந்த மழைமானியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டில் புதுக் கட்டடம் கட்டிவிட்டார்கள். வெள்ளை அடித்து, ஜன்னலுக்கு வலை போட்டு, நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மாடியிலேயே இரண்டு அறை. புயல் கூண்டு ஏற்றும் கம்பத்தையும் பெயர்த்துக்கொண்டு போய் அங்கே நட்டாயிற்று.

அடுத்த மாதம் திறப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார். மீசையும் கோபமும் இப்போதுதான் முளைக்கிற வயது. இந்த நிலையத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதித் தர வேண்டுமாம், கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல் அறையில் மாட்டுவார்களாம். "நல்ல விஷயமா எழுதுங்க மேடம், பாக்கறவங்களுக்கு ஒரு பெருமை வரணும்" என்றார். என்னை விட்டால் ஆள் இல்லை என்று அவருக்கே தெரிகிறது. சரி என்றேன்.

எழுத உட்கார்ந்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆரம்பக் கதையெல்லாம் உனக்கு அப்பா சொன்னதுதான். இது முதலில் வானிலை நிலையமே இல்லை. துறைமுகக் காவல்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருந்த ஒற்றை அறை. சரக்குக் கப்பல் ஒன்று புயலில் மாட்டி, கரைக்குத் தெரிகிற தூரத்தில் மூழ்கியது. அதன் பிறகு கப்பல்காரர்கள் சேர்ந்து அந்த அறையின் சுவரில் ஒரு பாரமானியை மாட்டினார்கள். பாதரசம் இறங்கினால் கடல் கெடும் என்று காவல்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் அதைத் தன் மனைவியிடம் சொல்ல, அவள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். பாதரசம் இறங்கினால் கொடியில் காய்கிற துணியை உள்ளே எடுத்துவிடுவாள். நாளடைவில் படகுக்காரர்கள் பாரமானியைக் கேட்பதை விட்டுவிட்டு அந்தக் கொடியைப் பார்த்தே கிளம்பினார்கள். துணி காய்ந்தால் போகலாம், கொடி காலியாக இருந்தால் போகக் கூடாது. இந்தக் கரையின் முதல் புயல் எச்சரிக்கை ஒரு பெண்ணின் துவைத்த துணி.

அதிகாரிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இது வேணுமா மேடம்?" என்றார். வேண்டும் என்றேன்.

அந்த அறை இப்போது கடலுக்குள் இருக்கிறது. தண்ணீர் வற்றுகிற சமயத்தில் அடித்தளக் கல் இரண்டு பாசி பிடித்துத் தெரியும், சின்ன வயதில் நீ அதன்மேல் நின்று நண்டு பிடிப்பாய். அதற்குப் பின்னால் கட்டியது பாதி உள்ளே போயிற்று. மூன்றாவதுதான் நீ பிறந்து வளர்ந்த நம் கட்டடம். கடல் ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்கிறது, நாம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வேறு எந்த ஆபீஸிலாவது இப்படி நடக்குமா?

துணிக்கொடிக்குப் பிறகு கம்பம் வந்தது, கம்பத்தில் கூண்டு வந்தது. பகலில் கறுப்புத் துணி போர்த்திய கூண்டு, இருட்டினால் விளக்கு; அது மேலே இருந்தால் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. நாம் செய்வதெல்லாம் காற்றையும் மழையையும் அளந்து தலைமை அலுவலகத்துக்குச் சொல்வதுதான். கூண்டை ஏற்று என்று அவர்கள் சொன்னால் ஏற்றுவோம், இறக்கு என்றால் இறக்குவோம். நம் இஷ்டத்துக்குத் தொட அனுமதி இல்லை. இதைப் புரியும்படி இரண்டு வரியில் எழுதுவதற்கு எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை வரலாற்றில் எழுதவில்லை. பட்டம் வாங்கிய பெண் கடற்கரையில் தனியாக என்ன செய்வாள் என்று எல்லோரும் கேட்டார்கள். வந்த முதல் வாரமே காற்றுத் திசைகாட்டி இறுகிப்போய்ச் சுற்றாமல் நின்றது. பக்கத்துப் படகுத்துறையில் என்ஜின் மெக்கானிக் இருக்கிறார் என்று கூட்டிவந்தார்கள். அவர் ஏறி, எண்ணெய் விட்டு, இறங்கி வந்து, "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சுக்க இவ்ளோ ஏற்பாடா? மூஞ்சியைக் காட்டினா தெரியாதா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் நீ பிறந்தாய்.

நீ பொய் மழை பெய்வித்ததையும் எழுதவில்லை. உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, ஐந்து வயது இருக்கும். அந்த வருடம் வானம் வாய் திறக்கவே இல்லை. தினமும் காலையில் நான் மழைமானியைத் திறந்து பார்த்துவிட்டுச் சும்மா மூடுவேன். ஒருநாள் திறந்தால் உள்ளே தண்ணீர்! வெளியே மண் தூசி பறக்கிறது. நீ கதவுக்குப் பின்னால் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாய். ஏன்டி இப்படிச் செய்தாய் என்றால், "நீ தெனமும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறியேம்மா" என்றாய். நான் திட்டவில்லை. உன்னை மடியில் உட்காரவைத்து, கண்ணால் பார்க்காததை நாம் எழுதக் கூடாது கண்ணு, அளக்க முடியாமல் போனால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும், வேண்டும் என்று ஆசைப்பட்டதை எழுதிவிட்டால் நம்மை நம்பிப் படகு எடுக்கிறவன் என்ன ஆவான் என்று சொன்னேன். உனக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினாய். அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு நீ மழைக்காரி. படகுத்துறையில் நின்று "மழைக்காரீ" என்று அவர் கத்தினால் கம்பத்தடிவரை கேட்கும்.

இன்றைக்கு இத்துடன் நிறுத்துகிறேன். அளவெடுக்கிற நேரமாகிவிட்டது.

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மடித்து வைக்கத் தோன்றும் இடம் இனிமேல்தான் வருகிறது.

வரலாற்றில் எல்லா வருடமும் எழுதி முடித்தேன், அந்த ஒரு வருடத்தைத் தவிர. அதிகாரி போனில், "அந்தப் புயலைப் பத்தி ஒரு வரி போதும் மேடம். உரிய நேரத்தில் எச்சரிக்கை விடுக்கப்பட்டதுன்னு போட்டுருங்க" என்றார். பேனாவை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டீசல் மாமா வந்தார்.

உன் அப்பா போன படகின் சொந்தக்காரர், அலை அவரை மட்டும் கரையில் கொண்டுவந்து போட்டது, அவரைத்தான் சொல்கிறேன். பேசக்கூடிய நிலைக்கு அவர் வருமுன்பே அவருடைய மகன் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டான். அதன் பிறகு அவர் இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது திடீரென்று வாசலில் நிற்கிறார். முன்பு அவர் வருவதற்கு முன்னால் டீசல் வாசனை வரும், இப்போது மருந்து வாசனை. ஒரு காது கேட்பதில்லை. கம்பம் நின்ற குழியைப் பார்த்துவிட்டு, "எங்க தங்கச்சி அது?" என்றார். மேட்டைக் காட்டினேன். அந்தப் பக்கம் திரும்பாமலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

தேநீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, மனப்பாடம் செய்துவந்த பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் சொன்னார்: "பாப்பா ஊருக்கே வர்றதில்லையாமே. கூண்டை இறக்கினது அவதான்னு மனசுல வெச்சுக்கிட்டு இருக்கான்னு கேள்விப்பட்டேன். அவகிட்ட சொல்லிடு தங்கச்சி. நாங்க கெளம்பறப்போ கூண்டு மேலதான் இருந்துச்சு. நாங்கதான் திமிர்ல போனோம். இறங்கினதை நாங்க பாக்கவே இல்ல."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தேநீரைப் பார்த்தார்.

கண்ணு, அன்றிரவு நான் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். இது இல்லை, வேறு. டீசல் மாமா வந்தார், இப்படிச் சொன்னார், ஆகவே உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கிளம்பி வா என்று நாலே வரி. உறையில் போட்டு விலாசமும் எழுதிவிட்டேன். எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா. மேசைமேல் அந்த உறை இருந்தது, அதைப் பார்த்தபடியே காலையில் மழைமானியைத் திறக்கப் போனேன். திறந்ததும் எனக்கு உன் டம்ளர் ஞாபகம் வந்துவிட்டது. திரும்பி வந்து கிழித்துப் போட்டேன்.

ஏனென்றால் நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். முந்தின நாள் ஏற்றிய கூண்டு காலைவரை இருந்தது. புயல் வடக்கே போய்விட்டது என்று தகவல் வந்தது, வெயிலும் வந்தது, பாதரசம் ஏறிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் இறக்கச் சொன்னார்கள். ஒரு கையில் ரிசீவரோடு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இறக்கிடு கண்ணு" என்றேன். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நீ கயிற்றை அவிழ்த்தாய். உன் அப்பா படகுத்துறையில் இருந்தார். புது ரிங் போட்ட என்ஜினைக் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று விடிந்ததிலிருந்து டீசல் மாமா அரித்துக்கொண்டிருந்தார். இவர் அசையவில்லை. "வீட்டுக்காரி பேச்சை மீறினாலும் மீறுவேன், கூண்டு பேச்சை மீற மாட்டேன்" என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. கூண்டு மேலே இருக்கும்போது அந்த மனிதர் படகில் கால் வைத்தார் என்று என்னை யாரும் நம்பவைக்க முடியாது. கூண்டு தரையைத் தொட்டதும் ஸ்பேனரோடு கையைத் தூக்கி ஆட்டினார். என்னவோ கத்தினார், காற்றில் சரியாகக் கேட்கவில்லை. நீ சிரித்தாய். அவர் என்ன கத்தியிருப்பார் என்று நம் இருவருக்கும் தெரியும்.

அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் போனார். இதை மாற்றி உனக்கு நான் எழுத மாட்டேன்.

ஆனால் மாற்றி எழுதக் கூடாத இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலையில் பாதரசம் ஏறியது உண்மை. வெயில் உண்மை. புயல் அப்போது விலகிப் போய்க்கொண்டிருந்ததும் உண்மை. மத்தியானத்துக்கு மேல்தான் அது நடுக்கடலில் சுழன்று திரும்பியது. அது திரும்பும் என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியவில்லை, திரும்புகிறவரை அந்தப் புயலுக்கே தெரியாது. கூண்டு அந்த நேரத்து உண்மையைச் சொல்லிக்கொண்டு இறங்கியது. அதைச் சொன்னவை தலைமை அலுவலகத்தின் குரல், என் வாய், உன் கை. நீ உன் கையை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு அத்தனை தூரம் போய்விட்டாய். நீயும் இப்போது பரிசோதனைக்கூடத்தில் எண்களைப் பார்த்து எழுதுகிற வேலையில்தான் இருக்கிறாய். காலையில் சரியாக இருந்த ஒருவரின் ரத்தம் சாயங்காலம் கெட்டுப்போனால், காலையில் எழுதிய எண் பொய்யாகிவிடுமா? நீதான் சொல்ல வேண்டும்.

டீசல் மாமாவிடம் நான் எதையும் மறுத்துப் பேசவில்லை. அவரும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார், அவ்வளவுதான். என் முகம் தொங்குவதை அவராலும் பார்க்க முடியவில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, சொல்ல வேண்டும் என்று வராத ஒன்றைச் சொன்னார்.

கடலில் இருட்டிக்கொண்டு வந்தபோது படகைத் திருப்பினார்களாம். திருப்பியும் கரை தெரியவில்லை. உன் அப்பா என்ஜினைப் பிடித்தபடி கரை இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம். கொஞ்ச நேரம் கழித்து, "இந்நேரம் பாப்பா மறுபடி ஏத்தியிருப்பா. இனி யாரும் கெளம்ப மாட்டாங்க" என்றாராம். அதற்கப்புறம் பேச நேரமில்லையாம்.

இதைச் சொல்லிவிட்டு டீசல் மாமா என் பக்கம் கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: "நிஜமாவே ஏத்தினாளா தங்கச்சி?"

இதை நான் நம்புகிறேன். எனக்கு ஆறுதலாக ஜோடித்த வார்த்தையாக இருந்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். இத்தனை வருடமாக அவருக்கு அது தெரியாது. யாரிடமும் கேட்கப் பயந்து உள்ளே வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஏற்றினாள் என்றேன். உத்தரவு வந்த நிமிஷமே ஏற்றினாள், அடுத்த துறையிலிருந்து புறப்பட இருந்த படகுகள் அதைப் பார்த்துத்தான் நின்றன, கூண்டு கிழிந்து பறக்கும்வரை கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு வந்துவிட்டது, நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன் என்றேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். போகும்போதுதான் மேட்டுப் பக்கம் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தார்.

கண்ணு, உன் அப்பா கடைசியாக நினைத்துக்கொண்டது நீ இறக்கிய கூண்டை இல்லை. ஏற்றிய கூண்டை. பார்க்காமலேயே அதைப் பார்த்திருக்கிறார். பார்க்காததை எழுதக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவர் பார்க்காமல் சொன்னது சரியாக இருந்தது. அதற்கு நான் சாட்சி.

இவ்வளவையும் எழுதிய பிறகுதான் வரலாற்றில் அந்த வருடத்தை எழுத முடிந்தது. இப்படி எழுதினேன்: "அன்று காலை உத்தரவுப்படி கூண்டு இறக்கப்பட்டது. அந்த நேரத்து அளவுகளின்படி அது சரியே. விலகிச் சென்ற புயல் திரும்பியதால் பிற்பகலில் மீண்டும் ஏற்றப்பட்டது. இடையில் கடலுக்குப் போன படகில் இருந்த என்ஜின் மெக்கானிக் திரும்பவில்லை. இரண்டாவது கூண்டைப் பார்த்து நின்ற படகுகளில் இருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்." அதிகாரி படித்தார். பெருமை வருமா என்று கேட்பார் என நினைத்தேன். "மெக்கானிக் உங்களுக்குத் தெரிஞ்சவரா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். எதையும் வெட்டாமல் எடுத்துக்கொண்டு போனார். நல்ல பையன்தான்.

திறப்பன்று கூண்டை ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டுமாம். அதற்கு உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. அதை நான் செய்துகொள்வேன். நீ கயிற்றைத் தொட வேண்டாம், கம்பத்தடிக்கு வர வேண்டாம், கடல் தெரிகிற ஜன்னலைக்கூடச் சாத்தியே வைக்கிறேன். உன் அறைக்கு ஜன்னல் சாலைப் பக்கம்தான். உன் பழைய கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன், ஒரு கால் ஆடுகிறது. சரி செய்கிற ஆள் இல்லாததால் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன்.

லீவு கிடைத்தால் என்று எழுத மாட்டேன். என்றைக்கு வேண்டுமானாலும் வா. திறப்புக்கு வராவிட்டாலும், அது முடிந்து எல்லோரும் போன பிறகு வா. பேருந்து மேட்டு வளைவில் திரும்பும்போதே புதுக் கட்டடத்தின் மாடி தெரியும். அங்கே ஒரு கொடி கட்டியிருக்கிறேன். இனி தினமும் காலையில் துவைத்து அதில் காயப்போடுவேன், உன் அப்பாவின் சட்டை இரண்டையும் சேர்த்து. துணி காய்வதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள். பார்த்துவிட்டு இறங்கு.

உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் வரவை நோக்கி,
அம்மா